குடியாத்தம் வீட்டுக் குழு

சேகர் மாமா: கவிதாவுக்கு விடியற்காலை பெண் குழந்தை. 31 வாரம்தான். 1 கிலோ 350. இங்குபேட்டரில் வைத்திருக்கிறார்கள்.

பெரியம்மா: எட்டாம் மாதமா! ஏழு தங்கும், எட்டு தங்காது என்பார்களே

சுமதி: பெரியம்மா, அது தப்பு. வயிற்றில் ஒரு வாரம் கூடினால் கூடின வரைக்கும் லாபம். நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் விரிய உள்ளே ஒரு வழவழப்பு ஊற வேண்டும். அது முழுசாக ஊற 34 வாரமாவது ஆகும். வெள்ளிக்கிழமை வலி கண்டதும் கவிதாவுக்கு டெக்சாமெத்தசோன் ஊசி 12 மணி நேரத்துக்கு ஒன்றாகப் போட்டார்களே, அதற்குத்தான். நான்கும் முடிந்துதான் பிறந்திருக்கிறாள். பெண் குழந்தை வேறு, ஆணைவிடத் தாக்குப்பிடிக்கும்.

பாபு: அப்போ 19ஆம் தேதி வளைகாப்பு? சத்துவாச்சாரி மண்டபத்துக்கு என் கையிலிருந்து 15,000 கொடுத்தேன்

சேகர் மாமா: இப்போது இதுவா

பாபு: கேட்டேன் அவ்வளவுதான். என் கல்யாணத்தில் மொய்ப்பை யாரிடம் போச்சு என்று கேட்டேனா?

மல்லிகா சித்தி: 🙏 வேண்டாம்

பெரியம்மா: நாளை வேன் வைத்துப் போவோம். யாராவது நல்ல கையால் சேனை தொட்டு வைக்கணும்

சுமதி: ஐயோ, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கூடாது! கவிதாவின் சீம்பால்தான், சொட்டுச் சொட்டாக டியூபில். மற்றது போனால் இந்தக் குடல் தாங்காது. வேனும் வேண்டாம். கிருமிதான் பெரிய எமன். உள்ளே போகிறவர் முழங்கை வரை கை கழுவ வேண்டும், மோதிரம் வளையல் கூடாது.

பெரியம்மா: சரி, நான் கெட்டவள்

சுமதி: அப்படிச் சொல்லலையே. அடுத்தது சூடு. தோலுக்கடியில் கொழுப்பு ரொம்பக் குறைவு, சீக்கிரம் ஜில்லிட்டுப்போகும். அம்மா மார்போடு மார்பாக வைத்துக்கட்டும் கங்காரு முறையைப் பிறந்ததுமே தொடங்கச் சொல்லி 2022இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. கவிதா அசந்தால் முரளி உட்காரலாம்.

பாபு: முரளியா? மாப்பிள்ளை மார்பில் ஜவ்வாது மலைக் காடு இருக்கே 😂

மல்லிகா சித்தி: 😂😂

முரளி: படிக்கிறேன். உள்ளே போன் கூடாது, வராண்டாவில் நிற்கிறேன். மூச்சுக்கு மூக்கில் குழாய். டாக்டர் 72 மணி நேரம் போகட்டும் என்கிறார். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை ஒன்று வேண்டும்

சேகர் மாமா: பாபு, காட்பாடியில் இருக்கிறாயே

பாபு: எடுத்துப்போறேன். சைஸ்?

பெரியம்மா: மண்டபத்தைப் பேர் வைக்கிறதுக்கு மாற்றலாமா

சேகர் மாமா: சமையல்காரர் போன் எடுக்கவில்லை

பாபு: சைஸ் சொல்லுங்க யாராவது