கோவில் விளக்கு மாற்றுவது: கமிட்டியில் ஒரே பேச்சு, யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தேரிக்காட்டான்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஊர் கோவில் (சர்ச்) பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சர்ச் மாதிரி 1826இல் கட்டியதல்ல, ஆனாலும் நூறு வருஷம் தாண்டிவிட்டது. சுண்ணாம்புச் சுவர், உள்ளே மட்டும் 28 அடி உயரம். 36 டியூப் லைட், எல்லாம் பழைய 40 வாட், இரும்பு சோக். வெளியே கோபுரத்துக்கு இரண்டு, காம்பவுண்டுக்கு இரண்டு என்று 250 வாட் மெட்டல் ஹாலைடு நான்கு, கோவில் குட்டியார் (மணி அடித்து, விளக்குப் போடும் பணியாளர்) சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் காலை ஆறு மணிக்கு முதல் மணி அடிக்க வரும்போதுதான் அணைப்பார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கரண்ட் பில் வந்ததும் பொருளாளர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

போன வாரம் ஒரு கடைக்காரர் வந்து, உள்ளே 36ஐயும் எல்.ஈ.டி. ஆக்கிவிட்டால் பில் பாதிக்குக் கீழே போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். பிரதிஷ்டை பண்டிகைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று பாதிப் பேர், அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அரிசி வாங்கவே காசு இல்லை, இதற்கு என்ன அவசரம் என்று மீதிப் பேர். ஐயர் (போதகர்) இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். நான் என்ன சொல்ல?

ஒயர்மேன் வள்ளியூர்:
அண்ணாச்சி, கடைக்காரர் வாட்டை மட்டும் எண்ணியிருக்கிறார், மணிக்கணக்கை எண்ணவில்லை. 40 வாட் டியூப்போடு சோக் இழுப்பதையும் சேர்த்து 50 என்று வையுங்கள், 36க்கு 1800 வாட். ஆனால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது? ஞாயிறு இரண்டு ஆராதனை, புதன் ஜெபக்கூட்டம், பாடகர் குழு பயிற்சி எல்லாம் சேர்த்து 12 மணி நேரம் இருக்குமா? இரண்டு மாதத்துக்கு சுமார் 185 யூனிட். 20 வாட் எல்.ஈ.டி. போட்டால் 75 ஆகும். மிச்சம் 110 யூனிட்தான், அதற்குப் போய் சாரம் கட்டி 36 பட்டியை (டியூப் மாட்டும் சட்டத்தை) மாற்றினால் போட்ட காசு எப்போது திரும்பும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது வெளியே வாருங்கள். 250 வாட் மெட்டல் ஹாலைடு பல்லாஸ்டோடு (அதன் சோக்கோடு) சேர்த்து 275 வாட்டாவது இழுக்கும். நான்குக்கு 1100. தினம் 12 மணி நேரம், 60 நாள்: 792 யூனிட்! உங்கள் பில்லைத் தின்பது கோவிலுக்குள்ளே இல்லை, வெளியே விடிய விடிய யாருமில்லாத வேப்பமரத்துக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கிறது. 192 அடி மெஞ்ஞானபுரம் சர்ச் கோபுரத்துக்கா விளக்குப் போட்டிருக்கிறீர்கள்? நான்கு 100 வாட் எல்.ஈ.டி. ஃபிளட் லைட் வைத்து, ஒரு டைமர் போட்டு, பத்து மணிக்கு மூன்றை அணைத்துவிட்டு கேட் பக்கத்து ஒன்றை மட்டும் விடியும்வரை விட்டால் 144 யூனிட்டில் முடிந்துவிடும். குட்டியாருக்கும் ஒரு வேலை குறையும். மெட்டல் ஹாலைடில் இன்னொரு தொல்லை, கரண்ட் ஒரு நொடி கண்ணடித்தால் போதும், பல்பு சூடு ஆறி மறுபடி எரிய பத்து நிமிஷம்கூட ஆகும். எல்.ஈ.டி. கரண்ட் வந்த உடனே வந்துவிடும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒயரிங்கைப் பாருங்கள். நூறு வருஷக் கட்டிடம் என்றால் மர ரீப்பரில் ஆணி அடித்த பழைய ஒயர் எங்காவது இன்னும் ஓடும், மெக்கர் (ஒயர் கசிவைப் பார்க்கும் மீட்டர்) வைத்துச் சோதிக்காமல் புது விளக்கு மாட்டாதீர்கள். எர்த்தும் முக்கியம். நம் பக்கம் ஐப்பசி கார்த்திகை இடிக்கு முதலில் போவது எல்.ஈ.டி. டிரைவர்தான் (விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி), மெயின் போர்டில் திடீரென்று ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று கட்டாயம். ஒரு கோவிலில் நான் மாட்டிக் கொடுத்த பதினாறு விளக்கில் ஐந்து ஒரே ராத்திரியில் போயிற்று, புரொடெக்டர் வேண்டாம், செலவு என்று சொன்ன கமிட்டிதான் மறுநாள் என்னைத் திட்டியது. அப்படியே கோபுரத்து இடிதாங்கியின் செம்புப் பட்டை தரை வரை முழுசாக இருக்கிறதா, யாராவது வெட்டிக்கொண்டு போய்விட்டார்களா என்றும் ஏறி இறங்கிப் பாருங்கள்.

ஆல்ட்டோ பாடுகிறவள்:
ஒயர்மேன் அண்ணன் கணக்கு சரி. ஆனால் உள்ளே மாற்றவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், பில்லுக்காக மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் கோவிலில் சோக் இரைச்சல் எவ்வளவு என்றால், மௌன ஜெபத்தில் ஐயர் பேசாமல் நிற்கும்போது தலைக்கு மேலே கருவண்டு பறக்கிற மாதிரியே இருக்கும். முன் வரிசைத் தாத்தாக்கள் பாமாலைப் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்திருப்பார்கள். மாற்றின பிறகு இரண்டும் போயிற்று.

நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். "நல்ல வெள்ளை" என்று கேட்டு 6500 கெல்வின் வாங்கிவிட்டார்கள் (இந்த எண் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும், குறைந்தால் மஞ்சளாகும்). முதல் ஞாயிறு உள்ளே நுழைந்தால் ஜவுளிக்கடைக்குள் வந்த மாதிரி இருந்தது! தேக்கு பலிபீடம் சாம்பல் நிறத்தில், கல்யாணப் பெண் முகம் நீலமாக. அடுத்த வருஷம் பீடத்துக்கு மட்டும் 3000 கெல்வின், நிறம் சரியாகத் தெரிவதற்காக சி.ஆர்.ஐ. 90 உள்ளதாகப் பார்த்து மாற்றினோம். சபையார் உட்காரும் இடத்துக்கு 4000 போதும். ஸ்விட்சும் பிரித்துப் போடுங்கள், பயிற்சிக்கு எட்டுப் பேர் வந்தால் 36 எதற்கு? இன்னொன்று, மலிவான டிரைவர் வாங்கினால் மைக்கில் "கிர்ர்" என்று ஏறும். அதனால் மொத்தமாக வாங்கும் முன் இரண்டு மட்டும் வாங்கி, ஒரு சாயங்காலம் மாட்டி, மைக்கைப் போட்டு, ஒரு தாத்தாவை உட்கார வைத்து ஞானப்பாட்டு வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

உவரிப் பக்கத்துக்காரன்:
கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் சாதா அலுமினிய பாடி இரண்டு வருஷத்தில் வெள்ளைப் பொடி பூத்துவிடும், ஸ்க்ரூ துருப்பிடித்து கழற்றவே வராது. வெளி விளக்கு ஐ.பி. 65க்குக் (தூசி, தண்ணீர் புகாத தர எண்) குறையாமல், ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகக் கேட்டு வாங்குங்கள். மழை விட்ட மறுநாள் ஈசல் தொல்லையும் மஞ்சள் வெளிச்சத்துக்கு வெகுவாகக் குறையும், முன்பெல்லாம் உபதேசியார் (ஆராதனை நடத்தும் சபை ஊழியர்) வாய் திறக்கவே யோசிப்பார்.

பழைய டியூப்பைக் கோவில் பின்னால் பனங்காட்டில் கொண்டுபோய்ப் போடாதீர்கள். பையன்கள் எறிந்து உடைத்து விளையாடுவார்கள், உள்ளே பாதரசம். அந்த மாதிரி விளக்குகள் இ-கழிவு விதிக்குள் வருகின்றன, வந்த அட்டையிலேயே போட்டு அதற்கென்று வாங்குகிறவர்களிடம் கொடுக்கலாம்.

தேரிக்காட்டான்:
ரொம்ப நன்றி. நேற்று ராத்திரியே மீட்டரைப் போய்ப் பார்த்தேன் அண்ணாச்சி. பத்து மணிக்கு எழுதி வைத்து, காலை ஆறு மணிக்குப் பார்த்தால் 9 யூனிட் ஏறியிருந்தது, உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. அந்தத் தாளைப் பொருளாளரிடம் காட்டினேன், அசனக் கட்சி உட்பட எல்லாரும் வெளி விளக்குக்குச் சரி என்றுவிட்டார்கள். டைமரும் உண்டு.

உள்ளே மாற்றுவதில்தான் புதுச் சிக்கல். 36 பட்டியில் 29இல் "இன்னார் ஞாபகார்த்தமாக" என்று சிவப்பு பெயிண்டில் எழுதியிருக்கிறது. எங்கள் தாத்தா பெயர் உள்ள பட்டியைக் கழற்றினால் காணிக்கையை வேறு கோவிலில் போடுவோம் என்று ஒரு அக்காள் நேரடியாகவே சொல்லிவிட்டாள்.

ஒயர்மேன் வள்ளியூர்:
பட்டியைக் கழற்றவே வேண்டாம் அண்ணாச்சி. உள்ளே சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு, நேரடி லைன் கொடுத்து எல்.ஈ.டி. டியூப்பை அதே பட்டியில் மாட்டலாம். பிறகு யாரும் பழைய டியூப்பைத் திரும்ப மாட்டாமல் இருக்க பட்டியிலேயே எழுதி வையுங்கள். தாத்தா பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கும்ல?