மேலத்தெரு வீடு குழு: மாப்பிள்ளைக்கு இனிஷியல் என்ன?

செல்வி அத்தை: கல்யாணப் பத்திரிகைக்கு அச்சகத்தில் கேட்கிறார்கள். கயலின் மாப்பிள்ளை ஷான் மர்ஃபிக்கு இனிஷியல் என்ன? நாளை காலைக்குள் சொல்ல வேண்டும்.

முத்து சித்தப்பா: அப்பா பெயர் பேட்ரிக்தானே. பே. ஷான்.

பெரியப்பா: பத்திரிகை மாதிரியைப் பார்த்தேன். அப்பா வழித் தாத்தாவும் மர்ஃபி, அம்மா வழித் தாத்தாவும் மர்ஃபி. பங்காளி வீட்டிலேயே பெண் எடுத்தார்களா? கயல், சொல்லம்மா.

கயல் டப்ளின்: இல்லை பெரியப்பா. ஷான் அப்பா வீடு அயர்லாந்தின் தெற்கே வெக்ஸ்ஃபோர்ட். ஷான் அம்மா பிறந்தது வடக்கே அர்மா. அந்தக் காலத்தில் முர்ஹா என்று பலருக்குப் பெயர் உண்டு, கடல் வீரன் என்று அர்த்தம். வெக்ஸ்ஃபோர்டில் ஒரு முர்ஹாவின் வழி வந்தவர்கள் ஓ முர்ஹா. ஓ என்றால் பேரன். வடக்கே அர்மாவை ஒட்டிய டைரோன் பக்கம் வேறு ஒரு முர்ஹா, அவர் வழியினர் மாக் முர்ஹா. மாக் என்றால் மகன். ஆங்கிலேயர் ஆட்சியில் ஓவும் மாக்கும் உதிர்ந்து எல்லோரும் மர்ஃபி ஆகிவிட்டார்கள். பெயர் ஒன்று, வம்சம் வேறு.

பெரியப்பா: சரி. அப்போது பங்காளி இல்லை.

அருண்: 👍

செல்வி அத்தை: மர்ஃபி என்றாலே அப்பாவின் ரேடியோதான். வாயில் விரல் வைத்த பாப்பா படம்.

முத்து சித்தப்பா: பத்திரமாக இருக்கிறது.

செல்வி அத்தை: யார் வீட்டில் என்று சொல். அம்மா எனக்கென்று சொன்னது.

முத்து சித்தப்பா: அக்கா, இப்போது வேண்டாம்.

கயல் டப்ளின்: அந்த ரேடியோ கம்பெனியை 1929இல் இங்கிலாந்தில் தொடங்கியவர் ஃபிராங்க் மர்ஃபி, அத்தை. இந்தப் பெயர் போகாத ஊர் இல்லை. 1845க்குப் பிறகு அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்ததே, பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். லிவர்பூல், பாஸ்டன் என்று பெயரும் கூடவே போயிற்று. அதற்குப் பிறகும் 1890 கணக்கில் அயர்லாந்தில் மட்டும் 62,600 மர்ஃபி. முதல் இடம்.

அருண்: இத்தனை பேரில் தபால்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கயல் டப்ளின்: பட்டப்பெயர்தான். ஷான் வீட்டைப் பட்டறை மர்ஃபி என்பார்கள். தாத்தா குதிரைக்கு லாடம் அடித்தவர். அவர் சுத்தியல் இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, பிடியில் கைபட்ட இடம் மட்டும் பள்ளம்.

பெரியப்பா: நம் கொல்லம்பட்டறை முருகேசன் மாதிரி. அவன் பிள்ளைக்கு வேலை கிடைத்ததா?

முத்து சித்தப்பா: ஓசூரில்.

செல்வி அத்தை: கயல், நீயும் மர்ஃபி ஆகிவிடுவாயா?

கயல் டப்ளின்: ஐரிஷ் மொழியில் மகனுக்கு ஓ, மகளுக்கு நீ, மனைவிக்கு ஈ. பெயரைக் கேட்டாலே உறவு தெரிந்துவிடும். நான் அப்பா இனிஷியலை விடமாட்டேன் அத்தை.

கயல் அம்மா: 🙏

செல்வி அத்தை: பே. ஷான் மர்ஃபி என்று சொல்லட்டுமா?

பெரியப்பா: பே வேண்டாம், பே என்று தனியாகப் படிப்பார்கள்.

முத்து சித்தப்பா: நாளைக்குப் பேசலாம்.

செல்வி அத்தை: நாளைக் காலை அச்சு. ரேடியோவையும் நாளைக்கே பேசலாம்.