லாயர் ஆபீஸ் கிராணிகள் (குமாஸ்தாக்கள்): உங்களுக்கு வாய்த்தவர் எப்படி?

சிப்புட் பேத்தி:
தாத்தா தவறிய பிறகு, அவர் பேரில் இருந்த சின்ன நிலத்தை மாற்ற மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு லாயர் ஆபீசுக்குப் போனோம். லாயர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். கிராணி அக்காதான் கிராண் (நில உரிமைப் பத்திரம்), இறப்புப் பத்திரம், எல்லாருடைய ஐசி (அடையாள அட்டை) என்று மேசையில் பரப்பிப் பார்த்தார். "உயில் இருக்கா?" இல்லை. "அப்ப இது தானா ஆபீஸ்லயே, நில அலுவலகத்துலயே, முடியும் பாட்டி. 'ஏ' பாரம் போடுங்க, விசாரணைக்குக் கூப்பிடுவாங்க." 1955 சிறு சொத்துப் பகிர்வுச் சட்டமாம். வந்த வாடிக்கையைத் திருப்பி அனுப்புகிறாரே என்று எனக்கு ஆச்சரியம்.

சிக்கலைக் கண்டுபிடித்ததும் அவர்தான். பாட்டி பேர் ஐசியில் ஒற்றை 'எம்', கல்யாணப் பத்திரத்தில் இரட்டை 'எம்', அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் வேறொரு பேரே. அந்தக் காலத்துத் தோட்டத்து ஆபீசில் காதில் விழுந்தபடி எழுதியதுதானே! மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் தயாரித்து, லாயர் வந்து படித்துப் பார்க்கும்வரை எங்களிடம் தரவில்லை. பிறகு சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் பாட்டி கைநாட்டு.

மாமா மட்டும் "பங்கு எப்படிம்மா பிரியும்?" என்று துருவிக்கொண்டே இருந்தார். "அதை லாயர்தான் சொல்லணும்ணே." லாயர் சொன்னார்: தாத்தாவின் பெற்றோர் உயிரோடு இல்லாததால் 1958 பகிர்வுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் பேதமில்லை. மாமா முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

லயத்துக்காரன்:
குடுத்து வச்சவங்க நீங்க. எங்க அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினப்ப ஒருத்தர் "நானும் பாதி லாயர்தான்"னு காசு வாங்கிக்கிட்டு, கம்பெனிக்குக் கடிதம் மேல கடிதமா எழுதிக்கிட்டிருந்தார். தொழில் உறவு இலாகாவுக்கு 60 நாளுக்குள்ள மனு போடணும்னு சொல்லவே இல்ல. நாள் போச்சு, கேசும் போச்சு.

கிராணிதான் நான்:
ஸ்டாம்ப் டூட்டி, கோர்ட் தேதி, இ-ஃபைலிங், பாட்டிமாருக்கு மலாய்க் கடிதத்தை வாசிச்சுச் சொல்றது, இதுதான் எங்க பொழுது. பல சமயம் பதில் தெரியும், ஆனா ஆலோசனை சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல. லைசன்ஸ் இல்லாம லாயர் வேலை பார்த்தா 1976 வழக்கறிஞர் தொழில் சட்டத்துல குற்றம். அதனால முறைச்சுக்காதீங்க லா. நிலக் கேசுக்கு வர்றப்ப பழைய ஐசி நகல் இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க.