நாற்கரச் சாலையில் காக்கப்படும் உயிருக்கு மனுவில் எத்தனை ரூபாய் என்று எழுதுவது?

கேள்வி: நாங்குநேரி வட்டாரத்திலிருந்து

எங்கள் ஊரை மதுரை–கன்னியாகுமரி நாற்கரச் சாலை இரண்டாகப் பிரிக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் வயலுக்குச் செல்வோரும் சென்டர் மீடியனில் விடப்பட்ட இடைவெளி வழியாகவே மறுபுறம் செல்கிறார்கள். அங்கே சுரங்கப்பாதை கேட்டு மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனு எழுதுகிறோம். செலவு கோடிக்கணக்கில் ஆகும் என்பதால், பயனையும் ரூபாயில் காட்டினால்தான் மனு எடுபடும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இறந்தவர்களின் வருமானத்தை வைத்துக் கணக்கிடுவதா? உயிருக்கு விலை வைப்பது முறைதானா என்ற தயக்கமும் எங்களுக்கு இருக்கிறது.

பதில் 1: பொருளியல் ஆசிரியர், பாளையங்கோட்டை

அண்ணாச்சி, தயக்கம் நியாயமானதே. ஆனால் இங்கே விலை வைக்கப்படுவது இன்னார் என்று பெயர் சொல்லக்கூடிய ஒருவரின் உயிருக்கு அன்று. விபத்து யாருக்கு நேரும் என்று தெரியாத நிலையில், அந்த ஆபத்தைச் சிறிதளவு குறைத்துக்கொள்ள மக்கள் எவ்வளவு செலவிட முன்வருவார்கள் என்பதே கேள்வி. 1968-இல் பொருளியல் அறிஞர் தாமஸ் ஷெல்லிங் காட்டிய வழி இது. ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு ஆபத்து குறைவதற்காக அந்த ஒரு லட்சம் பேரும் ஆளுக்கு 500 ரூபாய் தரச் சம்மதித்தால், காக்கப்படும் ஓர் உயிரின் மதிப்பு 5 கோடி ஆகிறது. பிரிட்டன் 1988-இல் வருமான இழப்புக் கணக்கை விட்டு இந்த முறைக்கு மாறியது.

நம் மக்களிடம் அப்படிக் கேட்டறிய உங்களுக்கு வசதி இராது. ஐராப் என்னும் சாலை மதிப்பீட்டுத் திட்டம் எளிய விதி ஒன்றை வைத்திருக்கிறது: ஓர் உயிருக்கு நாட்டின் தனிநபர் உற்பத்தியைப் (நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பை மக்கள் தொகையால் வகுத்தால் வருவது) போல 70 மடங்கு, கடுங்காயத்துக்கு அதில் கால் பங்கு. தனிநபர் உற்பத்தி ஏறத்தாழ 2 லட்சம் எனக் கொண்டால், உயிருக்கு 1 கோடியே 40 லட்சமும் கடுங்காயத்துக்கு 35 லட்சமும் வரும்.

பதில் 2: விபத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கிடைக்கும் தொகையை மனுவில் எழுதிவிடாதீர்கள். முக்கூடல் பக்கம் மாதம் 6,000 ரூபாய்க்குப் பீடி சுற்றும் 30 வயதுப் பெண் இறந்துபோனார் என்று கொள்வோம். ஆண்டு வருமானம் 72,000. உச்ச நீதிமன்றத்தின் 2017-ஆம் ஆண்டுப் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 1,00,800. சார்ந்திருப்போர் மூவர் என்றால், அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, அதே நீதிமன்றத்தின் 2009-ஆம் ஆண்டுச் சரளா வர்மா தீர்ப்பு அந்த வயதுக்கு வகுத்த 17-ஆல் பெருக்க வேண்டும். வருவது 11,42,400 ரூபாய். இதர இனங்களுக்குச் சிறு தொகை சேரும். சார்ந்திருப்போர் இழந்த வருமானத்தை ஈடுசெய்யவே இது ஏற்பட்டது. அந்தப் பெண்ணுக்குத் தன் உயிர் எவ்வளவு பெரிது என்பதை இது அளப்பதே இல்லை. காரில் போகிறவருக்கு ஒரு மதிப்பு, பீடித் தட்டோடு சாலையைக் கடப்பவருக்கு வேறு மதிப்பு என்று அரசின் திட்டக் கணக்கில் நுழைய விடவே கூடாது. எல்லோருக்கும் ஒரே தொகையை எழுதுங்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைப் பொறியாளர்

தொகையைவிட எண்ணிக்கையில்தான் மனுக்கள் தோற்கின்றன. அந்த இடத்தில் நடந்த விபத்துகளின் முதல் தகவல் அறிக்கை விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஐந்தாண்டுகளுக்குக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு ஓர் இறப்பும் நான்கு கடுங்காயங்களும் தெரியவந்து, சுரங்கப்பாதை அவற்றில் பாதியைத் தடுக்கும் என்று கொண்டால், ஆசிரியர் சொன்ன தொகைகளின்படி இறப்பில் 70 லட்சம், காயத்திலும் 70 லட்சம் என ஆண்டுப் பயன் 1 கோடியே 40 லட்சம். காயத்தை விட்டுவிட்டால் பாதிப் பயன் காணாமற்போகும் என்பதைக் கவனியுங்கள்.

எல்லா விபத்தும் நின்றுவிடும் என்று எழுத வேண்டாம். மழைத் தண்ணீர் தேங்கி, விளக்கும் இல்லாத சுரங்கப்பாதையைத் தவிர்த்து மக்கள் மீண்டும் மீடியனைத் தாண்டுவார்கள். வடிகாலையும் விளக்கையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பாதை கட்டி முடியும் வரை வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டையும் தனியே கேளுங்கள். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் வாய்ப்பு ஏறத்தாழ 4 சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. வேகம் குறைந்தால் அதே அளவில் பயன் உண்டு.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. காவல் நிலைய விவரங்களுக்கு இந்த வாரமே விண்ணப்பிக்கிறோம். கடுங்காயம் அடைந்தவர்களின் பட்டியலை ஊரில் வீடு வீடாகக் கேட்டும் சரிபார்ப்போம்; வழக்குப் பதியாமல் போனவையும் இருக்கின்றன.