பால் மரம் இலை உதிர்க்கும் மாதம்

என் பள்ளித் தோழி ஒருத்தி ஜப்பானில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு நவம்பரிலும் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் படங்களாக வந்து குவியும். சிவந்த மேப்பிள், மஞ்சள் கிங்கோ, அவற்றின் கீழே குடும்பம் குடும்பமாக நடக்கும் மனிதர்கள். இந்த முறை தைப்பூசத்துக்குப் பினாங்கு வந்திருந்தாள். தண்ணீர்மலை முருகன் கோவிலில் 513 படியும் ஏறி இறங்கிவிட்டு, கால் கடுக்க ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சொன்னாள்: "நம்ம ஊர்ல எல்லாம் இருக்குடி. இலையுதிர் காலம் ஒன்னுதான் இல்ல."

"யாரு சொன்னா? இப்ப அதுதானே நடந்துக்கிட்டிருக்கு. ரெண்டு நாள் என்கூட வா, காட்டுறேன்" என்றேன்.

வீம்புக்குச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு இந்தத் தீவையும் எதிரே பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறையையும் சுற்றுகிறேன். தை, மாசி மாதங்களில் இங்கே மரங்கள் செய்வதைப் பார்க்காமல் ஒரு வருடமும் விட்டதில்லை. ஜப்பானில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது இலை நிறம் மாறுகிறது. நமக்குப் பகல் நீளம் வருடம் முழுக்க முக்கால் மணி நேரம்கூட மாறாது. இங்கே இலையை உதிர்ப்பது வறட்சி. வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையெல்லாம் நடுமலைத் தொடருக்கு அந்தப் பக்கம் கிளந்தான், திரங்கானுவில் கொட்டித் தீர்ந்துவிடும். இந்தப் பக்கம் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வானம் வெளுத்து, மண் வெடித்துக் கிடக்கும். மரம் தன் தண்ணீரைக் காத்துக்கொள்ள இலையை விடுகிறது. எல்லா மரமும் ஒரே வாரத்தில் விடாது. அதனால்தான் நம் ஆட்களுக்கு இது கண்ணில் படுவதில்லை என்று நினைக்கிறேன். ஒரு தெருவில் ஒரு மரம் மொட்டையாக நிற்கும், பக்கத்து மரம் பச்சையாகவே இருக்கும்.

முதல் நாள் காலை தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1884-இல் தொடங்கிய பூங்கா, அருவி விழும் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஏழு மணிக்கே வாசலில் நின்றோம், இன்னும் இருட்டு. பிப்ரவரியில் இங்கே சூரியன் எழ ஏறக்குறைய ஏழரை ஆகிவிடும். 1982 ஜனவரி முதல் தேதி மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள் அல்லவா, அதில் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு லாபம்: விடியல் வெளிச்சத்துக்காக ஐந்து மணிக்கு எழ வேண்டியதில்லை.

அங்கே முதல் தவறு நடந்தது. தோழி தன் கேமராவை ஏர்கோன் ஓடிய காரில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்கப் பனி படர்ந்தது. துடைக்கத் துடைக்க மறுபடி படர்ந்தது. அந்த நேரம் பார்த்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கு ஒன்று தாழ்ந்த கிளைக்கு வந்து உட்கார்ந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, ஆரஞ்சு நிறத்தில் பிறந்து சில நாளே ஆன குட்டி. அந்த இனத்தில் குட்டிகள் அந்த நிறத்தில்தான் பிறக்கும், வளர வளரக் கறுத்துவிடும். அவள் கையில் இருந்ததோ பால் பூசிய கண்ணாடி மாதிரி ஒரு லென்ஸ். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். இங்கே நடைக்கு வருகிறவர்கள் கேமராப் பையைக் காரின் பின்பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் இறங்கியதும் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள். துடைப்பதில் பயனில்லை, கண்ணாடியின் குளிர் போக வேண்டும்.

நாகலிங்க மரத்தின் கீழே கொஞ்ச நேரம் நின்றோம். அடிமரத்திலேயே பூவும் பீரங்கிக் குண்டு போன்ற காயும் தொங்க, மேலே பாதிக் கிளைகள் வெறுமையாக இருந்தன. ஊரில் சிவன் கோவிலில் பார்த்த மரம் என்று தோழி கீழே விழுந்த ஒரு பூவைக் கையில் எடுத்துக்கொண்டாள். படம் எடுக்கவில்லை.

மதியத்துக்கு மேல் பட்டர்வொர்த் பக்கம் கடலோரப் பூங்கா ஒன்றுக்குப் போனோம். கெத்தாப்பாங் மரத்துக்காகத்தான் போனது. தமிழ்நாட்டில் நாட்டு வாதுமை என்பார்கள். நம் ஊரில் மேப்பிளுக்குப் பதில் சொல்கிற மரம் என்றால் இதைத்தான் சொல்வேன். உள்ளங்கையைவிடப் பெரிய இலை விழுவதற்கு முன் மஞ்சளாகி, செம்பாகி, கடைசியில் அரக்குச் சிவப்பில் நிற்கும். சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, பின்னணிக்கு இருண்ட அடிமரத்தை வைத்து, வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுத்தால் நரம்பு நரம்பாகத் தெரியும். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள், அது சிவப்பை அடக்கிவிடும். வெயில் குறியில் வையுங்கள்.

அங்கே ஒரு சீனப் பெரியவர் பிளாஸ்டிக் பையோடு குனிந்து குனிந்து இலை பொறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் எதை எடுக்கிறோம் என்று எட்டிப் பார்த்தவர், தன் பையைத் திறந்து காட்டினார். எல்லாம் காய்ந்து பழுப்பான இலை. சண்டை மீன் வளர்க்கிறாராம். இலையைக் கழுவித் தொட்டியில் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், மீனுக்குச் செதில் நோய் அண்டாது என்று மலாயில் சொன்னார். "பறிச்சிடக் கூடாதா அங்கிள்?" என்று தோழி கேட்டாள். தலையை ஆட்டினார். தானாக விழுந்தது மட்டும்தான், அதுவும் பூச்சி அரிக்காதது. ஒவ்வொரு இலையையும் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்துத்தான் பையில் போட்டார். நாங்கள் ஒரு மணி நேரமாகச் செய்துகொண்டிருந்ததும் அதேதான். அந்தக் கையையும் இலையையும் எடுத்த படம் தோழியின் கைப்பேசியில் இன்றும் முகப்பில் இருக்கிறது.

இரண்டாம் நாளைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

இரண்டாம் பாலம் வழியாக நிபோங் திபால் போனோம். கிரியான் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் கரும்புத் தோட்டம், அப்புறம் ரப்பர், இப்போது பெரும்பாலும் எண்ணெய் தரும் செம்பனை. ஊருக்கு வெளியே குடியிருப்பை ஒட்டி ஒரு பூங்கா இருக்கிறது. பெரிய இடமில்லை. நான்கு தூங்குமூஞ்சி மரம், ஒரு ஊஞ்சல், துருப்பிடித்த சறுக்குமரம், நடைபாதை. நான் அங்கே போவது பூங்காவுக்காக அல்ல, அதன் பின்வேலிக்கு அப்பால் இருக்கும் துண்டு நிலத்துக்காக. யாரோ வெட்டிச் சாய்க்காமல் விட்டுவைத்த முப்பது நாற்பது பால் மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள். மாசியில் அவை ஒட்டுமொத்தமாக நிறம் மாறும். மற்ற மரங்கள் போல ஒன்று இன்று ஒன்று நாளை என்று இல்லை. எல்லாம் ஒரே வாரத்தில் செம்பும் ஆரஞ்சுமாகி உதிர்ந்து தரையை மூடிவிடும். காற்று அடித்தால் வேலி தாண்டிப் பூங்கா முழுக்கச் சருகு.

தோழி வேலியோரம் போய் நின்றவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இதைப் பத்தி ஏன்டி எனக்கு முன்னாடியே சொல்லல?" என்றாள்.

நாங்கள் எடுக்க ஆரம்பித்து ஐந்து நிமிடம் இருக்காது, சரக் சரக்கென்று சத்தம். மஞ்சள் மேல்சட்டை போட்ட ஓர் அக்கா, அறுபது வயதைத் தாண்டியிருப்பார், நீளக் கம்பில் கட்டிய ஈர்க்குமாறால் சருகைக் கூட்டிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார். நாங்கள் படுத்துக்கொண்டு எடுக்க நினைத்த இடம் அது.

"அக்கா, இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் அப்புறம் கூட்டுறீங்களா? படம் எடுத்துக்கிறோம்."

"இந்தக் குப்பையவா?" என்று கேட்டவர் ஈர்க்குமாறை ஊன்றி நின்றார். "சரி, எடுத்துக்கங்க. எட்டரைக்குத்தான் ஆளு பார்க்க வருவாங்க."

நின்றவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். பிறந்தது தோட்டத்தில். பன்னிரண்டு வயதில் அம்மாவோடு நிரைக்கு, அதாவது ரப்பர் மர வரிசைக்குப் போய், இருபத்தைந்து வருடம் பால் வெட்டியிருக்கிறார்: பட்டையைச் சீவி, வடியும் பாலை மங்கு என்ற கிண்ணத்தில் பிடிக்கும் வேலை. தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றியபோது வெளியே வந்துவிட்டார்கள்.

"தங்கச்சி, இந்த இலைய நீங்க அழகுன்னு சொல்றீங்க. எங்கம்மா இது சிவக்க ஆரம்பிச்சாலே கடையில கடன் சொல்லி வச்சிருவாங்க" என்றார். "இலை கொட்டிட்டா மரத்துல பால் வராது. மங்குல பாதிகூட நிக்காது. அப்புறம் வெட்டையே நிறுத்திருவாங்க. புல்லு வெட்டு, உரம் போடுன்னு வேற வேலை குடுப்பாங்க. எல்லாருக்கும் கெடைக்காது."

இலைதான் மரத்துக்குச் சமையல்கட்டு. அது போய்விட்டால், மிச்சமிருக்கிற சத்தை மரம் தளிர் விடுவதற்குச் செலவழிக்கும், பாலுக்கு ஒதுக்காது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டவள். அவருக்கு அது அடுப்பில் தெரிந்திருக்கிறது. 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கின என்ற கதையைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அமேசான் காட்டு மரம் தன் இலையுதிர் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்து, கடைசியில் தோட்டத் தொழிலாளர்களின் ஒரு லயத்து வீட்டின் அரிசிப் பானை வரை அந்தப் பழக்கம் எட்டியதை அன்றைக்குத்தான் ஒருவர் வாயால் கேட்டேன்.

இன்னும் சொன்னார். விடிவதற்கு முன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு போக வேண்டும். மற்ற மாதத்தில் காலடிச் சத்தம் கேட்காது. சருகு காலத்தில் நாம் நடப்பதே யாரோ பின்னால் வருவதுபோல இருக்குமாம். பாம்பு கிடந்தாலும் தெரியாது. மங்குக்குள் இலை விழுந்து கிடக்கும், ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட வேண்டும். நிழல் போய்விடுவதால் லயத்தில் மதியம் உட்கார முடியாது.

"தளிர் விட்டதும் பாருங்க, சாக்லேட் கலர்ல பளபளன்னு இருக்கும். அதுதான் எங்களுக்கு அழகு" என்றார்.

தோழி கேமராவை இறக்கிவிட்டாள். "அக்கா, உங்கள ஒரு படம் எடுக்கலாமா?"

உடனே சரி சொல்லவில்லை. ஈர்க்குமாறோடு வேண்டாம் என்றார். மஞ்சள் சட்டையைக் கழற்றி மடித்து ஊஞ்சலில் வைத்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், முடியை அவிழ்த்து மறுபடி கொண்டை போட்டார். வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு இருந்தது. அது வழியாக எங்களுக்கு முன்னால் போய் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தார். ஏன் அதை என்று கேட்டேன். "இத வெட்டுனவன் நல்லா வெட்டியிருக்கான்" என்றார்.

அப்போதுதான் நான் அந்தப் பட்டையைச் சரியாகப் பார்த்தேன். இத்தனை வருடமாக மேலே இலையைத்தான் பார்த்திருக்கிறேன். இடது மேலிருந்து வலது கீழே சாய்ந்து, ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோடுகள். ஆறிப்போன வெட்டுகள். விரலால் தடவிக் காட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் போகிற பட்டை ஒரு ஐந்து சென் காசின் கனம்தான் இருக்க வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் படும். காயம் பட்ட இடம் முண்டு முண்டாக வளரும், மறுபடி அந்தப் பக்கம் வெட்ட முடியாது. பக்கத்து மரத்தில் அப்படி முண்டுகள் இருந்தன. அதைத் தொட்டுவிட்டு, "இவனுக்குக் கை அவசரம்" என்றார். எப்போதோ வெட்டிய, முகம் தெரியாத யாரோ ஒருவரைப் பற்றி, நேற்று பார்த்தவரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

தோழி எடுத்தாள். மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்து நிற்கிறார். தலைக்கு மேல் மொட்டைக் கிளை, காலடியில் செம்புச் சருகு. மகளுக்கு அனுப்ப வேண்டும் என்று எண்ணைத் தந்தார். எட்டு இருபதுக்கு மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டப் போய்விட்டார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு தென்னை மட்டையை எடுத்துக்கொண்டு, எங்களுக்காக அவர் விட்டுவைத்த சருகைத் தள்ளிக் குவித்துக் கொடுத்தோம்.

தோழி ஜப்பான் திரும்பிவிட்டாள். மூன்று வாரம் கழித்து, படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். பால் மரங்கள் தளிர் விட்டிருந்தன. அவர் சொன்ன அதே நிறம், காலை வெயிலில் எண்ணெய் தடவியதுபோல மின்னியது. தரை சுத்தமாக இருந்தது. அக்கா ஊஞ்சல் பக்கம் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தார். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு மரப்பட்டையின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டே வந்தார்.

"வெட்டு நல்லா தெரியுது தங்கச்சி" என்றார்.