இரண்டு சக்கரமும் சேர்ந்து சூடானால் எங்கே பார்ப்பது? போட் டிரெய்லர் பிரேக் அனுபவம்

வீடு காரைக்குடி, கடல் தொண்டிப் பக்கம். சகலையும் நானும் சேர்ந்து வாங்கிய சின்ன ஃபைபர் போட் மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் நிற்கும். தை பிறந்ததும் பொலிரோவில் டிரெய்லரை மாட்டி தேவகோட்டை, திருவாடானை வழியாகக் கொண்டுபோவோம்.

இந்த டிரெய்லரின் ஹைட்ராலிக் பிரேக்குக்கு முன்வண்டியிலிருந்து குழாய் எதுவும் வராது. முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முட்டிக்கொண்டு முன்னால் வரும். அந்த முட்டல், கொக்கிக்குப் பின்னால் உள்ள தண்டைத் தள்ளி, பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை அமுக்கும். அங்கிருந்து ஒரே குழாய் பின்னால் ஓடி, ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக அச்சுக்கு இறங்கி, அதற்குப் பிறகுதான் இரண்டு சக்கரத்துக்கும் பிரிகிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

போன மாசியில் திரும்பி வரும்போது திருவாடானை தாண்டியதும் தீய்ந்த வாடை. இறங்கி இடது சக்கரத்தின் அருகே கை கொண்டுபோனேன், அனல். பக்கத்தில் ஒரு பட்டறையில் பிரேக் ஷூவை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்ளே அழுந்தி அதை நிறுத்தும் வளைந்த கட்டையை, தளர்த்திவிட்டார்கள், வீடு வந்து சேர்ந்தோம். அடுத்த முறையும் அதே வாடை. டிரம்மைக் கழற்றினால், ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டரின் பிஸ்டனில் துரு. சரி, இதுதான் கோளாறு என்று புது சிலிண்டர் போட்டேன். மறுபடியும் சூடு! அப்போதுதான் வலது சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன். அதுவும் அதே சூடு. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் சூடானால் அந்தச் சக்கரத்தில் பார்க்கலாம். இரண்டும் சூடானால், குழாய் பிரியும் இடத்துக்கு முன்னால்தான் தேட வேண்டும்.

இரண்டு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். தண்டை ஒரு கம்பியால் நெம்பித் தள்ளி விட்டேன். சக்கரம் இறுகியது, விட்ட பிறகும் சுற்றவில்லை. வீல் சிலிண்டரின் ஏர் நிப்பிளை (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் திருகு) கால் சுற்று திறந்ததும் ஆயில் பீய்ச்சியது, இரண்டு சக்கரமும் உடனே லேசாகிவிட்டன. ஆக, அழுத்தம் உள்ளேயே சிக்கிக் கிடக்கிறது. நிப்பிளை மூடி, தண்டைத் தள்ளிச் சக்கரத்தை மறுபடி இறுக வைத்தேன். இந்த முறை ஹோஸுக்கு முன்னால் உள்ள நட்டைத் தளர்த்தினேன். சொட்டுதான் வந்தது, சக்கரம் அசையவில்லை. குற்றவாளி ஹோஸ்தான்.

ஹோஸைக் குறுக்கே வெட்டிப் பார்த்தோம். வெளியே ஒரு கீறல் இல்லை, உள்ளே ரப்பர் உப்பி, ஓட்டை ஊசிக்காது அளவுக்குச் சுருங்கியிருந்தது. அழுத்தும்போது ஆயில் போய்விடும், ஷூவைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் திருப்பித் தள்ளும் வலுவுக்குத் திரும்பி வராது. மாஸ்டர் சிலிண்டர் மூடியின் ரப்பரும் உப்பி நெளிந்திருந்தது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவியது நினைவுக்கு வந்தது. மண்ணெண்ணெய், டீசல், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் இந்த ரப்பர் உப்பும். பிரேக் பாகங்களைப் பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள். ஹோஸ், சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப், வாஷர் எல்லாம் மாற்றி, குழாயையும் புது ஆயில் விட்டு அலசினோம்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்:

அண்ணே, எனக்கு வந்தது வேறு. ஈரமணலில் ரிவர்ஸ் எடுத்தாலே டிரெய்லர் பிரேக் பிடித்துக்கொள்ளும். பின்னால் தள்ளும்போதும் தண்டு அமுங்கத்தானே செய்யும்? அதைத் தடுக்க ரிவர்ஸ் லைட் ஒயரில் இயங்கும் ஒரு வால்வு உண்டு. என் வண்டியில் பிளக் பின் உப்பில் பச்சை பூத்து வால்வுக்குக் கரண்டே போகவில்லை. பின்னைச் சுரண்டி கிரீஸ் தடவியதும் சரியானது. சிலிண்டரில் கை வைக்கும் முன் பிளக்கைப் பாருங்கள்.

தொண்டியிலிருந்து ஒருவர்:

நம் பக்கம் கடல் ஆழமில்லை. போட் மிதக்க டிரெய்லரை வெகுதூரம் உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது, அதனால் டிரம் முழுக்க முங்கிவிடும். ஓடி வந்த சூட்டோடு இறக்காதீர்கள். திடீரென்று குளிரும்போது சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் ஹப்புக்குள் காற்று சுருங்கி, சீல் வழியாகக் கடல்நீரை உறிஞ்சும். எங்கள் பேரிங் கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துப்போனது இப்படித்தான். கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும், அப்புறம் இறக்கலாம்.

மறுபடியும் காரைக்குடி:

இரண்டுமே எனக்குப் பயன்படும், நன்றி. நான் இப்போது வீடு வந்ததும் டிரம்மின் பின்தட்டில் உள்ள ரப்பர் அடைப்பைக் கழற்றி, கிணற்று நீரை ஹோஸ் வைத்து உள்ளே விடுகிறேன், தெளிவாக வரும்வரை. பிறகு தெருவில் ஒரு சுற்று பிரேக் போட்டு ஓட்டினால் ஷூ காய்ந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140 வரை இறங்கிவிடும். அதனால் பாதி டப்பாவை எடுத்து வைப்பதில்லை, வருடம் ஒருமுறை மொத்தமும் மாற்றுகிறேன். மாற்றிய பிறகு குழாயில் உள்ள ஏரை எடுக்கும்போது, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் முதலில் ஆரம்பியுங்கள்.