புதுப்பிப்பு: டிரையல்ஸ் சைக்கிளும் முழங்கை வலியும் – எது கைகொடுத்தது

டிரையல்ஸ் (பாறை, கட்டை மாதிரித் தடைகளைக் கால் ஊன்றாமல் சைக்கிளில் தாண்டும் விளையாட்டு) ஓட்டினால் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது, கழுத்தும் பிடித்துக்கொள்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முழங்கை வலி பெரும்பாலும் போய்விட்டது.

வேலை செய்தது பிரேக் லீவரை நகர்த்தச் சொன்ன யோசனைதான். நின்றபடியே ஓட்டும் வண்டி இது. பின்சக்கரத்தில் துள்ளும்போது பிரேக்கை இறுக்கிப் பிடித்தே ஆக வேண்டும். அந்தச் சுமை முழுக்க முன்கைத் தசைக்குப் போகிறது. லீவரை ஹேண்டில்பாரின் நடுப்பக்கம் தள்ளி, ஆள்காட்டி விரல் அதன் நுனியில் விழும்படி வைத்தேன். நுனியில் இழுத்தால் குறைந்த பலமே போதும். அப்புறம் பெடலில் நின்று பார்த்து, மணிக்கட்டு மடங்காத கோணத்துக்குத் திருப்பினேன். உட்கார்ந்து பார்த்தால் கோணம் தப்பாகத்தான் வரும்.

கூடவே, உள்ளங்கையைக் கவிழ்த்து லேசான டம்பெல்லை மெதுவாக இறக்கும் பயிற்சி. சலிப்பானது, ஆனால் பலன் உண்டு.

தடித்த கிரிப் (ஹேண்டில்பாரின் கைப்பிடி உறை) எனக்குச் சரிப்படவில்லை. என் கை சின்னது, இன்னும் இறுக்கித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பழைய மெல்லிய நுரை கிரிப்பையே திரும்ப மாட்டிவிட்டேன்.

எதிர்பாராதது கழுத்துதான். சைக்கிளைத் தொடாத வாரத்திலும் வலித்தது. ராத்திரி குனிந்தபடி போனில் அரசியல் சண்டைகளைப் படிப்பதுதான் காரணம்! போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்தியதும் வலி குறைந்தது. எரிச்சல் குறையவில்லை, அது வேறு கதை.

விரல் மரத்துப்போகிறது என்றால் விஷயம் வேறு, மருத்துவரைப் பாருங்கள்.